ஆஸ்திரேலிய ஆதிக்குடி மகளிரின் அருந்தொண்டு
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. வெள்ளிவிழா மகிழ்ச்சிக்குரிய நாள். கணக்குப் பார்க்கும் நாளுமாகும். எத்தனை மாணவர் படித்துத் தேறினர், எத்தனை பேர் அலுவல் பெற்றனர், விடுதிக்கு எவ்வளவு செலவாயிற்று என்னும் கணக்குகளை நம் செயலாளர் அறிக்கையில் கேட்டோம். எந்த அறிக்கையிலும் எளிதில் விடுபட்டுப் போகும் கணக்கு ஒன்றுண்டு. அது பெண்மக்களின் உழைப்புக் கணக்கு. அவ்வுழைப்பை எவ்வாறு போற்றுவது என்பதைக் கடல் கடந்த ஒரு மக்களினத்தின் வரலாற்றிலிருந்து இன்று அறிந்துகொள்வோம். அம்மக்கள் ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள்.

அவர்கள் கதை நமக்கு எதற்கு என இளைஞர் சிலர் எண்ணலாம். அவர்கள் பட்ட துன்பமும் நாம் பட்ட துன்பமும் ஒன்றே எனக் கூறுவது பொருந்தாது. அவர்கள் தம் நிலத்தை வேற்று நாட்டாரிடம் பறிகொடுத்தவர்கள். நாமோ நம் நாட்டிலேயே, நம் மொழி பேசுவோராலேயே, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்களை ஒதுக்கியது இனமும் நிறமும்; நம்மை ஒதுக்கியது சாதி. எனினும் ஓரிடத்தில் இவ்விரு வரலாறுகளும் அருகருகே வருகின்றன. மனிதனை மனிதனாக்க வேண்டிய கல்வி, அங்கும் இங்கும் ஒரு சாராருக்கு மறுக்கப்பட்டது. அங்கே அதைவிடக் கொடிய செயலும் நிகழ்ந்தது. பள்ளியில் இருந்த குழந்தையையே அரசு தூக்கிச் சென்றது. அக்கொடுமையை எதிர்த்து நின்று, இழந்ததை மீட்டெடுத்தோருள் பெண்கள் பலர். ஆதலின் அவர்கள் வரலாறு நமக்குப் பாடமாகிறது.

முதலில் அந்நாட்டு நிலையைச் சுருக்கமாகக் காண்போம். ஆஸ்திரேலியக் கண்டத்தில் ஆதிக்குடி மக்கள் 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகின்றனர். வெள்ளையர் குடியேறிய காலத்தில் அங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. 1788ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் ஆங்கிலேயரின் கப்பல்கள் இன்றைய சிட்னித் துறையில் குடியேற்றத்தை நிறுவின. குற்றவாளிகளைக் கொண்டுவந்து குடியமர்த்துவது அவர்கள் நோக்கம். அந்நிலம் எவருக்கும் உரியதன்று என்னும் பொய்யான கொள்கையின் மேல் அவர்கள் ஆட்சி எழும்பியது. அக்கொள்கை தவறென்று அந்நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1992ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நோயாலும் துப்பாக்கியாலும் பசியாலும் ஆதிக்குடி மக்கள் பெருமளவில் மடிந்தனர். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, அவர்களும் டாரஸ் நீரிணைத் தீவினரும் சேர்ந்து 8,12,728 பேர். நாட்டு மக்களுள் நூற்றுக்கு மூவரே அவர்கள்.

குடியேற்றத்தின் தொடக்க நாள்களிலேயே ஒரு பெண்ணின் பெயர் ஏட்டில் ஏறியிருக்கிறது. அவர் பெயர் பாரங்கரூ. சிட்னித் துறையில் மரப்பட்டைத் தோணியில் அமர்ந்து, சிப்பியால் செய்த தூண்டிலிட்டு மீன் பிடித்து மக்களுக்கு உணவளித்தோர் பெண்களே. பாரங்கரூ அத்தகைய மீனவப் பெண். 1791இல் வெள்ளைக் கைதி ஒருவன் ஆதிக்குடிப் பெண் ஒருத்தியின் மீன்பிடி கருவிகளைத் திருடினான். ஆளுநர் அவனுக்குச் சவுக்கடித் தண்டனை விதித்து, அதனைக் காண ஆதிக்குடி மக்களையும் வரவழைத்தார். தங்கள் நீதியின் சிறப்பை அவர்களுக்குக் காட்டுவது அவர் எண்ணம். ஆனால் பாரங்கரூ, கட்டி வைத்து ஒரு மனிதனை அடிப்பதைக் கண்டு சினந்து, ஒரு கோலைப் பறித்துக்கொண்டு சவுக்கடித்தவன் மேல் பாய்ந்தார். தம்மினத்தாரிடம் திருடியவன் அவன். இருந்தும் அவனுக்காக அவர் உள்ளம் பதறியது. நாகரிகம் யாரிடம் இருந்தது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். இன்று சிட்னித் துறைமுகத்தின் ஒரு பகுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அடுத்துக் கூறவேண்டியது குழந்தைகளைப் பறித்த கொடுமை. ஆதிக்குடிகளைப் 'பாதுகாப்பதற்கு' என்று சொல்லி பெரும்பாலான மாநிலங்கள் சட்டம் இயற்றின. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அத்தகைய சட்டம் 1909இல் வந்தது. எங்கே குடியிருப்பது, எங்கே வேலை செய்வது, குழந்தையை யார் வளர்ப்பது என்பவற்றையெல்லாம் பாதுகாப்பு வாரியம் தீர்மானித்தது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட பெண் குழந்தைகள் வீட்டுவேலைக்குப் பழக்கப்பட்டனர். அவர்கள் தம் மொழியையும் உறவையும் மறக்க வேண்டும் என்பதே நோக்கம். 1910 முதல் 1970 வரை, பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான ஆதிக்குடிக் குழந்தைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கோரினார்.

இந்தப் பொதுச் செய்தியை ஒரு குடும்பத்தின் வாயிலாகக் கண்டால் அதன் வலி விளங்கும். யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த தெரசா கிளமென்ட்ஸ் என்னும் தாய்க்குப் பெண்மக்கள் பிறந்தனர். அவருள் மார்கரெட் 1904இல் பிறந்தவர். 1917இல், மார்கரெட்டுக்குப் பதின்மூன்று வயதானபோது, அவர் படித்த சிற்றூர்ப் பள்ளிக்குக் காவலர் காருடன் வந்தனர். வகுப்பிலிருந்த மார்கரெட்டையும் அவருடைய தங்கை மேயையும் கொண்டுசெல்ல வந்திருப்பதாக அறிவித்தனர். செய்தி கேட்ட தாய் பள்ளிக்கு ஓடோடி வந்தார்; கெஞ்சினார்; மன்றாடினார். அருகிலிருந்த டெனிலிக்குவின் நகர் வரை தாயையும் காரில் ஏற்றிச் சென்று, அங்கே அவரை மட்டும் இறக்கிவிட்டுக் குழந்தைகளுடன் புறப்பட்டுவிட்டனர். இந்நிகழ்ச்சியை மார்கரெட் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதி வைத்தார்.

அவ்விரு சிறுமியரும் கூட்டமுண்ட்ரா என்னும் ஊரிலிருந்த பெண்கள் பயிற்சி இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். அங்கே அளிக்கப்பட்ட பயிற்சி துடைப்பதும் துவைப்பதும் சமைப்பதுமே. பின்னர் மார்கரெட் சிட்னி நகரில் வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டு அடியும் பசியும் அனுபவித்தார். இத்தகைய பெண்களின் ஊதியத்தை வாரியமே வைத்துக்கொண்டது; கைச்செலவுக்கு ஆறு பென்னி போன்ற சிறு காசே அவர்களுக்குக் கிடைத்தது. பலருக்கு எஞ்சிய ஊதியம் ஒருநாளும் வந்து சேரவில்லை. உழைப்பவள் ஒருத்தி, கூலி வாங்குபவன் வேறொருவன் என்னும் முறை எத்தகையது என்பதை இம்மன்றத்திலுள்ள முதியோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் கூறியாக வேண்டும். யோர்ட்டா யோர்ட்டா மக்கள் மரே ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கென மலோகா என்னுமிடத்தில் சமயத் தொண்டர் ஒருவர் பள்ளி நடத்தினார். அங்கே 1881இல் ஆசிரியராக வந்து சேர்ந்தவர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். மொரிசியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். தமிழ் மரபினர் என அவரைக் குறிப்பிடுவோரும் உளர். ஆதிக்குடிப் பெண்ணான ஆடா கூப்பரை மணந்து அம்மக்களுள் ஒருவராகவே வாழ்ந்தார். 1888இல் அம்மக்கள் கம்மராகுஞ்சா என்னும் குடியிருப்புக்கு மாறியபோது அவரும் உடன் சென்றார்; ஈரிடங்களிலுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஆதிக்குடிகளின் உரிமைப் போராட்டத்திற்கு முன்னோடியான வில்லியம் கூப்பரும், பின்னாளில் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தின் ஆளுநராக உயர்ந்த டக்ளஸ் நிக்கல்ஸும் அவரிடம் கற்றவர்களே. விண்ணப்பம் எழுதவும் சட்டத்தைப் படிக்கவும் அவைக்கு அஞ்சாமல் பேசவும் அச்சிறு பள்ளி கற்பித்தது. ஓர் ஆசிரியர் ஒரு சமுதாயத்திற்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

அக்கம்மராகுஞ்சாவில் 1939ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு வெளிநடப்பு நிகழ்ந்தது. போதிய உணவில்லை, நோய் மிகுந்தது, மேலாளரின் கொடுமை தாங்கவில்லை, குழந்தைகளைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம் வேறு. ஏறத்தாழ இருநூறு பேர் தம் வீடுகளை விட்டு வெளியேறி, ஆற்றைக் கடந்து விக்டோரியா மாநிலக் கரையில் தங்கினர். அடுப்பையும் பாயையும் குழந்தைகளையும் சுமந்துகொண்டு, ஆற்றங்கரையில் கூடாரத்தின் கீழ்க் குடும்பம் நடத்தியோர் பெண்களே. போராட்டத்தின் பெயரில் தலைவர்கள் நினைவில் நிற்கிறார்கள். போராடியோருக்குச் சோறாக்கியவர்கள் நினைவில் நிற்பதில்லை.

வேலைக்காரியாக வைக்கப்பட்டிருந்த மார்கரெட் விடுதலை பெற்று மெல்போர்ன் நகரில் குடியேறினார். மணத்திற்குப் பின் மார்கரெட் டக்கர் எனப்பட்டார். 1930களில் வில்லியம் கூப்பருடன் சேர்ந்து ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள் கழகத்தை அமைக்க உழைத்தார். 1938 சனவரி 26இல், வெள்ளையர் குடியேறி நூற்றைம்பது ஆண்டு நிறைந்ததை நாடே கொண்டாடியது. அதே நாளில் ஆதிக்குடிகள் சிட்னியில் ஒரு மண்டபத்தில் கூடி அதனைத் துக்கநாள் என அறிவித்துக் குடியுரிமை கோரினர். அக்கூட்டத்தில் மார்கரெட்டும் இருந்தார். 1964இல் விக்டோரியாவின் ஆதிக்குடிகள் நலவாரியத்தில் உறுப்பினராக்கப்பட்டார். எந்த வாரியத்தின் பெயரால் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டாரோ, அத்தகைய வாரியத்தில் அமர்ந்து தம் மக்களுக்காகப் பேசினார். 1977இல் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. ஆதிக்குடிப் பெண்கள் எழுதிய தன்வரலாறுகளுள் முதற்கண் வெளிவந்தவற்றுள் அது ஒன்று.

அத்துக்கநாள் கூட்டத்தை அமைப்பதில் பங்கு கொண்ட மற்றொரு பெண்மணி பேர்ல் கிப்ஸ். பட்டாணி பறிக்கும் ஆதிக்குடிக் கூலிகளுக்காக வேலைநிறுத்தம் நடத்தத் துணை நின்றவர். 1941இல் வானொலியில் தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார். ஆஸ்திரேலிய வானொலியில் அவ்வாறு உரையாற்றிய முதல் ஆதிக்குடிப் பெண் அவரே. 1954இல் நியூ சவுத் வேல்ஸ் நலவாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயலில் கூலிப் பெண்களோடு நின்றவரே வாரியத்தின் மேசையிலும் அமர்ந்தார் என்பதை நம் இளம்பெண்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

இனித் தெரசாவின் குடும்பத்திற்கே மீண்டும் வருவோம். பறிபோகாமல் தாயிடமே தங்கிய இளைய மகள் ஜெரால்டின். அவருடைய மகள் ஹில்லஸ் மேரிஸ் 1933இல் பிறந்தார். கம்மராகுஞ்சா வெளிநடப்பின்போது அவர் சிறு குழந்தை. ஆற்றங்கரைக் குடிசைகளில் வளர்ந்த அக்குழந்தை, பெரியவளாகி, 1973இல் மெல்போர்னில் ஆதிக்குடிகளே நடத்தும் மருத்துவ நிலையத்தை நிறுவியோருள் ஒருவரானார். பிறகு 1983இல் வொராவா கல்லூரி என்னும் பள்ளியை நிறுவினார். விக்டோரியா மாநிலத்தில் ஆதிக்குடிகளுக்கென ஆதிக்குடிகளே தொடங்கிய முதல் பள்ளி அது. மூன்று ஆண்டுகளில், 1986இல், அவர் நோயால் காலமானார். அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. அப்பள்ளி நிலைத்து, ஆதிக்குடிச் சிறுமியர் தங்கிப் பயிலும் இடமாயிற்று.

இளைஞர்களே, இதனைச் சற்று ஆழ்ந்து எண்ணுங்கள். 1917இல் பெரியம்மாவைப் பள்ளியிலிருந்து காவலர் இழுத்துச் சென்றனர். 1983இல் தங்கை மகள் பள்ளியையே கட்டினார். இடையில் அறுபத்தாறு ஆண்டுகள். பள்ளி என்றாலே அஞ்ச வேண்டிய குடும்பம் அது. பள்ளியை வெறுத்து ஒதுக்கியிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். ஆயினும் அக்குடும்பத்துப் பெண்கள் கல்வியைக் கைவிடவில்லை. பகைவர் கையிலிருந்த கருவியைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டனர். நம் சங்கத்தின் நோக்கமும் இதுவேயன்றோ?

கல்வி கற்றவர்தாம் சமுதாயத் தொண்டு செய்ய முடியும் எனச் சிலர் கருதுவர். அவர்களுக்கு விடையாக நிற்பவர் மம் ஷெர்ல் எனப் பெயர் பெற்ற ஷெர்லி ஸ்மித். விராட்ஜுரி இனத்தில் 1924இல் பிறந்தவர். காக்கை வலிப்பு நோயால் முறையாகப் பள்ளி செல்ல இயலவில்லை. எழுதப் படிக்க அறியாமலே வாழ்ந்தார். சிறைப்பட்ட உடன்பிறந்தாரைக் காணச் சிறைக்குச் செல்லத் தொடங்கியவர், நாளடைவில் காண வருவார் எவருமில்லாத கைதிகளையும் காணலானார். நீ இவனுக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்கும்போதெல்லாம் தாய் என்றே கூறுவார். 'மம்' என்னும் பெயர் அவ்வாறு நிலைத்தது. தம் வாழ்நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். சிட்னியின் ரெட்பெர்ன் பகுதியில் 1970இல் ஆதிக்குடிகள் சட்ட உதவி நிலையமும், 1971இல் மருத்துவ நிலையமும் தோன்றக் காரணமானவர்களுள் அவர் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாத அத்தாயின் பின்னே வழக்கறிஞரும் மருத்துவரும் பேராசிரியரும் அணிவகுத்தனர். 1998இல் மறைந்தார்.

எழுத்தால் தொண்டாற்றியவர் ஊட்ஜரூ நூனுக்கல். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மின்ஜெரிபா என்னும் தீவில் 1920இல் பிறந்தார். பதின்மூன்று வயதில் படிப்பை நிறுத்தி வீட்டுவேலைக்குச் சென்றார். கேத் வாக்கர் என்ற பெயரில் 1964இல் அவர் வெளியிட்ட கவிதை நூல், ஆதிக்குடியினர் ஒருவர் வெளியிட்ட முதல் கவிதைத் தொகுதியாகும். 1963இல் உரிமை கோரிச் சென்ற குழுவில் அவரும் பிரதமர் மென்சிஸைக் கண்டார். பிரதமர் விருந்தோம்பும் முறையில் மது அளிக்க முன்வந்தார். ஓர் ஆதிக்குடிக்கு மது அளித்தால் குயின்ஸ்லாந்தில் உங்களைச் சிறையில் அடைப்பர் என்று ஊட்ஜரூ எடுத்துக் கூறினார். நாட்டின் பிரதமரே அறியாதிருந்த சட்டத்தின் இழிவை அவர் ஒரே சொல்லில் உணர்த்தினார். 1970இல் அரசு அளித்த விருதை, வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டுத் திருப்பி அளித்தார். அக்காலத்தில்தான் தம் இனத்தின் பெயரையும் மேற்கொண்டார். 1970களின் தொடக்கத்தில் தம் தீவுக்குத் திரும்பி, மூங்கல்பா என்னும் கல்வி நிலையத்தை மரநிழலில் நடத்தினார். அங்கே கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் வந்து, செடிகொடியையும் மீன்பிடித்தலையும் பழங்கதைகளையும் கற்றுச் சென்றனர்.

செவிலித் தொண்டில் புகழ் பெற்றவர் லோயிச்சா ஓடோனஹ்யூ. 1932இல் பிறந்த அவர் இரண்டாம் வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, சமயத்தார் நடத்திய இல்லத்தில் வளர்ந்தார். செவிலியாக விரும்பி அடிலெய்டு நகரின் பெரிய மருத்துவமனையை அணுகியபோது ஆதிக்குடி என்ற காரணத்தால் இடம் மறுக்கப்பட்டது. அவர் விடவில்லை, பலரிடம் முறையிட்டு, கூட்டங்களில் பேசி, 1954இல் அங்கேயே பயிற்சிக்கு இடம் பெற்றார். 1960களின் தொடக்கத்தில் நம் நாட்டின் அசாம் பகுதிக்கு வந்து செவிலியாகப் பணியாற்றினார். 1962இல் சீனப் போர் மூண்டபோது நாடு திரும்ப நேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிரிவிற்குப் பின்னரே தம் தாயை மீண்டும் கண்டார். 1990இல் ஆதிக்குடிகளுக்கான தேசிய ஆணையத்தின் முதல் தலைவரானார். 1992இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உரையாற்றிய முதல் ஆஸ்திரேலிய ஆதிக்குடியும் அவரே. 2024 பிப்ரவரியில் காலமானார். மறுக்கப்பட்ட ஓர் இடத்தைப் பெற்றே தீர்வது என்னும் உறுதி எத்தனை தொலைவு கொண்டு செல்லும் என்பதை அவர் வாழ்வில் காண்கிறோம்.

இத்தகைய பெண்கள் ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டியும் கூட்டம் நடத்தியும் உழைத்ததன் பயனாக 1967ஆம் ஆண்டு மே 27இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆதிக்குடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டம் இயற்றவும் தடையாயிருந்த சொற்கள் அரசியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆதரித்து வாக்களித்தனர். அதற்கு முந்தைய ஆண்டில், 1966இல், மார்கரெட் வலாடியன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் ஆதிக்குடிப் பெண்ணானார். அதன்பின் ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், பள்ளி ஆசிரியையாக வாழ்வைத் தொடங்கிய லிண்டா பர்னி நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆதிக்குடிப் பெண்ணாக அமர்ந்தார்; 2022 முதல் 2024 வரை அமைச்சராகவும் இருந்தார்.

வெற்றியை மட்டும் கூறி முடிப்பது நேர்மையாகாது. ஆதிக்குடிகளின் கருத்தை நாடாளுமன்றத்திற்கு எடுத்துரைக்க அரசியல் சட்டத்தில் ஓர் அமைப்பு வேண்டுமென 2023 அக்டோபர் 14இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு அறுபது பேர் மறுத்து வாக்களித்தனர். சட்டம் ஒருமுறை திருந்தினால் உள்ளங்கள் எல்லாம் திருந்திவிட்டன என்று பொருளில்லை. ஒரு தலைமுறை பெற்றதை அடுத்த தலைமுறை காவல் காக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் சூலைத் திங்களில் ஆதிக்குடிகள் தம் பண்பாட்டைப் போற்றும் ஒரு வாரம் கொண்டாடுகின்றனர். 2018ஆம் ஆண்டு அவ்வாரத்தை முழுவதும் பெண்களுக்கே உரியதாக்கினர். அவள் செய்ததால்தான் நம்மால் முடிகிறது என்பதே அவ்வாண்டின் கருப்பொருள். பெயர் பெற்ற பெண்களோடு, பெயர் அறியப்படாத பாட்டியரையும் அத்தையரையும் அன்று நினைவுகூர்ந்தனர். நாம் கற்க வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது.

நம் சங்கத்தின் தொடக்க நாள்களை நினைத்துப் பாருங்கள். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு, வாரந்தோறும் விடுதிக்குக் கொடுத்தவர் யார்? நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று பெற்ற கூலியில் மகனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவர் யார்? மகள் பள்ளி சென்றால் வீட்டுவேலையை யார் பார்ப்பது என்று ஊர் கேட்டபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் யார்? அவர்கள் பெயர்கள் நன்கொடையாளர் பட்டியலில் இருக்க வழியில்லை. பிடியரிசிக்கு இரசீது போடுவதில்லையல்லவா?

ஆகவே இவ்வெள்ளிவிழாவில் மூன்று கடமைகளை நாம் மேற்கொள்ள வேண்டும்.

முதலாவது, பெயரை எழுதுவது. மார்கரெட் டக்கர் தம் கதையை எழுதியிராவிட்டால், அவர் தாய் பள்ளிக்கு ஓடோடி வந்த செய்தி மண்ணோடு மறைந்திருக்கும். கல்லூரியில் பயிலும் நம் மாணவ மாணவியர் விடுமுறை நாள்களில் ஒவ்வொரு தெருவிலும் மூத்த தாய்மார்களிடம் அமர்ந்து, அவர்கள் பட்ட பாட்டையும் செய்த உதவியையும் கேட்டு எழுதட்டும். அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதட்டும். சங்கத்தின் அலுவலகத்தில் அவ்வேடு காக்கப்படட்டும். தாமதம் கூடாது, முதியோர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பொறுப்பை அளிப்பது. பொன்னாடை போர்த்துவது ஒரு நாள் மரியாதை. பேர்ல் கிப்ஸும் மார்கரெட் டக்கரும் வாரியத்தில் உறுப்பினராக அமர்ந்து பேசினர். நம் ஆட்சிக்குழுவிலும், உதவித்தொகைக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும், கணக்கைச் சரிபார்க்கும் இடத்திலும் பெண்கள் அமர வேண்டும். பத்துப் பைசாவை எண்ணிக் குடும்பம் நடத்தியவருக்குச் சங்கக் கணக்கு எவ்வாறு புரியாமற் போகும்?

மூன்றாவது, படிப்பைத் தொடரச் செய்வது. ஊட்ஜரூ பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு நின்றார். அவர் பெருங்கவிஞரானது அவருடைய ஆற்றல். அவர் படிப்பு நின்றது அவர் சமுதாயத்தின் இழப்பு. நம் பெண்பிள்ளைகள் பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டாம் வகுப்போடும் நிறுத்தப்படும்போது எத்தனை செவிலியரை, எத்தனை ஆசிரியரை, எத்தனை வழக்கறிஞரை இழக்கிறோம் என்று எவர் கணக்கிட்டார்? அண்ணன் தம்பியருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பணம் ஒருவர் படிப்புக்கே போதுமானதென்ற நிலை வந்தால், முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியவள் தங்கைதான் என்ற வழக்கத்தை உங்கள் தலைமுறையோடு நிறுத்துங்கள். அந்த நிலை வந்தவுடன் சங்கத்தின் கதவைத் தட்டுங்கள். சங்கம் இருப்பது அதற்காகத்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1942ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பு மகளிர் மாநாட்டில், ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அச்சமுதாயப் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே அளப்பதாகக் கூறினார். தொலைவிலுள்ள ஆதிக்குடி மகளிரின் வாழ்வு அக்கருத்தை மெய்ப்பித்துக் காட்டுகிறது. நம் ஊரில் அதனை மெய்ப்பிக்க வேண்டியவர்கள் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் நீங்களே.

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இம்மேடையில் தலைமை தாங்கி அமர்ந்திருப்பவர் இன்று பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் மாணவியருள் ஒருவராக இருக்க வேண்டும் என்பதே நம் விழைவு.